வீட்டில் நடத்திய வொய்-வொய் அனாலிசிஸ்

1. ஆடிட் நடுவே ஒரு போன்

கஸ்டமர் வந்து எங்கள் தரத்தைச் சோதிக்கும் ஆடிட் நாளில் நான் செல்போனை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவேன். அன்று மறந்துபோய்ச் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆடிட்டர் லீக் டெஸ்ட் மெஷின் முன்னால் குனிந்து, ஸ்டிக்கரில் இருந்த காலிப்ரேஷன் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. என் மகள் கீர்த்தனா பிளஸ் டூ படிக்கும் பி.யு. கல்லூரியிலிருந்து அழைப்பு. த்ரோபால் பயிற்சியில் மயங்கி விழுந்துவிட்டாள், யாராவது வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள்.

நான் வேலை செய்வது ஊருக்கு வெளியே அத்திபெலேயில், வண்டிகளுக்கு பிரேக் ஹோஸ் என்ற ரப்பர் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில். தரப் பிரிவு மேனேஜர். ஆடிட் நடுவில் தர மேனேஜர் காணாமல் போவது முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை காணாமல் போவது மாதிரி. எங்கள் பிளாண்ட் ஹெட் பிரகாஷ் கௌடா என் முகத்தைப் பார்த்ததுமே ஓரமாக இழுத்து, என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஏனாய்த்து செல்வம் சார்?”

விஷயத்தைச் சொன்னேன்.

“ஹோகி, ஹோகி. உடனே கிளம்புங்க. ஆடிட்டர் எங்க ஓடிடப் போறார்? மத்தியானம் பிரியாணி சொல்லியிருக்கேன். அத வுட்டுட்டு அவர் நகர மாட்டார்.”

டாக்ஸி பிடித்து, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் சிக்கி, கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கீர்த்தனா ஸ்டாஃப் ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரோ வாங்கிக் கொடுத்த ஜூஸ் குடிக்கப்படாமல் கையில் இருந்தது.

“ஐயோ அப்பா, யூனிஃபார்மோடவா வந்தே? சேஃப்டி ஷூ வேற. எல்லாரும் பாக்கறாங்க.”

“மயக்கம் போயிடுச்சா?”

“வெயில்ப்பா, வேற ஒண்ணுமில்ல. முட்டிதான் சிராய்ச்சிடுச்சு.”

கையைப் பிடித்து எழுப்பினேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கை மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது.

2. எல்லாம் ஸ்பெக்குக்குள்

தரப் பிரிவில் இருப்பவனுக்கு ரிப்போர்ட்தான் எல்லாம். அளவு ஸ்பெக்குக்குள், அதாவது வரையறைக்குள், இருந்தால் பார்ட் நல்ல பார்ட். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருமுனையில் இருக்கும் டாக்டரிடம் அழைத்துப்போனோம். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் ஒரு எண்கூடத் தடித்த எழுத்தில் இல்லை. எல்லாம் ஸ்பெக்குக்குள். சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

என் மனைவி மாலதிக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

“ஏங்க, ஃபேன் போட்டா ஸ்வெட்டர் போட்டுக்கறா. குளிச்சா பாத்ரூம் முழுக்க முடி. நீங்க ரிப்போர்ட்டப் பாக்கறீங்க, பொண்ணப் பாக்க மாட்டேங்கறீங்க.”

யோசித்துப் பார்த்தால் எல்லாமே கண்ணெதிரில்தான் நடந்திருக்கிறது. முதலில் இனிப்பை நிறுத்தினாள். விளையாட்டுக்காக என்றாள். நல்லதுதானே என்று நினைத்தேன். பிறகு எண்ணெய், பிறகு சாதம். காலையில் “காலேஜ்ல சாப்ட்டுக்கறேன்”, சாயங்காலம் “காலேஜ்லயே சாப்ட்டேன்”. ஒரு இட்லியைக் கடுகளவுக்குப் பிய்த்துத் தட்டு முழுக்கப் பரப்பி, அரை மணி நேரம் அதோடு விளையாடிக்கொண்டிருப்பாள். இத்தனைக்கும் நடுவில் வீட்டில் ஓயாமல் கேக் செய்தாள். வாழைப்பழ கேக், கேரட் கேக், ராகி கேக். எனக்கு ஊட்டிவிடுவாள், எதிர்வீட்டுக்குக் கொடுப்பாள், என் கம்பெனி பஸ்ஸில் வரும் அத்தனை பேருக்கும் கட்டிக் கொடுப்பாள். பஸ் டிரைவர் ஒரு சுற்று பெருத்தார். அவள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

3. ஐந்தாவது ‘ஏன்’

எங்கள் தொழிலில் ஒரு குறை வந்தால் வொய்-வொய் அனாலிசிஸ் போடுவோம். ஹோஸ் ஏன் கசிந்தது? முனையை இறுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் தளர்வாக இருந்தது. ஏன் தளர்ந்தது? அதை அழுத்தும் அச்சு, டை, தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்த டை மெஷினில் இருந்தது? இப்படி ஐந்து தரம் ‘ஏன்’ கேட்டால் அடியில் இருக்கும் மூல காரணம் வெளியே வந்துவிடும். முப்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம் இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு மார்க்கரோடு உட்கார்ந்தேன். கீர்த்தனா எதிரில், மாலதி பக்கத்தில். மூன்று தட்டிலும் உப்புமா. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டே கேட்டேன்.

“ஏன் மயக்கம் வந்துச்சு? சரியா சாப்பிடல. ஓகே. ஏன் சரியா சாப்பிடல?”

“பசிக்கலப்பா.”

“ஏன் பசிக்கல?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க கோச் எதாவது சொன்னாரா? குண்டா இருக்கேன்னு?”

“இல்ல.”

“ஃப்ரெண்ட்ஸ்? இன்ஸ்டாகிராமா? மார்க் கம்மியாயிடும்னு பயமா?”

கீர்த்தனா மார்க்கரை என் கையிலிருந்து பிடுங்கினாள். “நான் என்ன உங்க கம்பெனி ரிஜெக்ஷன் கூடையில கிடக்கற ஹோஸா? பேசாம காதுல ஒரு ரெட் டேக் கட்டிடு. ஸ்கிராப்புன்னு எழுதி லாரில ஏத்து.”

சிரித்துவிட்டேன். மாலதி சிரிக்கவில்லை. “எழுதுங்க, எழுதுங்க. அஞ்சாவது ஏன் எங்க வந்து நிக்கும்னு எனக்குத் தெரியும். வீட்டு வேலையும் பாத்து ஆபீஸ் வேலையும் பாக்கற அம்மா கிட்டதான் வந்து நிக்கும்.”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“சொல்லல. அம்பு போட்டுட்டீங்க. இதோ பாருங்க, என் பக்கமாதான் போவுது.”

உண்மையிலேயே காலண்டர் தாளில் இடம் போதாமல் கடைசி அம்புக்குறி அவள் தட்டுப் பக்கமாகத்தான் திரும்பியிருந்தது. அதற்கு ஒரு சண்டை. சண்டை முடிந்தபோது கீர்த்தனா எழுந்து போயிருந்தாள். அவள் தட்டில் உப்புமா அப்படியே இருந்தது.

இப்படிச் சில வாரங்கள் போயின. கோச்சைப் போய்ப் பார்த்தேன். பாவம், அவர் நல்ல மனிதர். அவள் போனை வாங்கி வைத்தேன், திருப்பிக் கொடுத்தேன். ஒரு காரணம் கிடைத்தால் அன்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மறுநாள் அது காரணம் இல்லை என்று தெரியும். ஒவ்வொரு நாளும் நான் காரணம் தேடினேன், ஒவ்வொரு நாளும் அவள் சாப்பிடாமல் இருந்தாள். கடைசியில் மாலதிதான் பள்ளியில் ஆலோசகர் வேலை பார்க்கும் தோழியிடம் பேசி, வளரிளம் பிள்ளைகளைப் பார்க்கும் மனநல மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கினாள்.

4. டாக்டர் ஷோபாவின் கேள்வி

டாக்டர் ஷோபா மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னட வாசனையோடு நல்ல தமிழ் பேசினார். எங்களிடம் பேசுவதற்கு முன் கீர்த்தனாவைப் படுக்கவைத்து நாடி பார்த்தார், எழுந்து நிற்கச் சொல்லித் திரும்பவும் பார்த்தார். ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அவளோடு தனியாக நெடுநேரம் பேசினார். அதன் பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்.

“இது அனோரெக்ஸியா. இன்னைக்கே அட்மிட் பண்ணணும்.”

“டாக்டர், பிளட் ரிப்போர்ட் எல்லாம் நார்மல்...”

“இதுல ரொம்ப நாள் நார்மலாதான் சார் இருக்கும். அத நம்பிதான் நிறைய பேர் லேட்டா வராங்க.”

அவர் அன்று சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். சாப்பாடு வராதபோது உடம்பு ஒவ்வொரு பகுதியாகக் கரண்ட்டை நிறுத்துகிறது. கை கால் சில்லிடும். முடி கொட்டும். மாதவிடாய் நின்றுவிடும். எலும்பு பலம் இழக்கும். தசை கரையும். இதயமும் ஒரு தசைதான், அதுவும் கரையும். துடிப்பு மெதுவாகிக்கொண்டே போகும். கீர்த்தனாவுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. விட்டுவிட்டால் உயிரே போகலாம். மூளைக்கும் பட்டினிதான். பட்டினி கிடக்கும் மூளை ஒரே நினைப்பில் மாட்டிக்கொள்ளும். சாப்பாட்டைப் பார்த்தால் நாம் பாம்பைப் பார்ப்பதுபோலப் பயப்படும். பிடிவாதமோ அழகு ஆசையோ இல்லை, நோய். பையன்களுக்கும் வரும். பார்க்க ஒல்லியாக இல்லாதவர்களுக்கும் வரும்.

மாலதி அழ ஆரம்பித்தாள். நான் என் கேள்வியைக் கேட்டேன்.

“ரூட் காஸ் என்ன டாக்டர்?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “சார் என்ன வேல பாக்கறீங்க?”

“க்வாலிட்டி. பிரேக் ஹோஸ்.”

“அதான் பாத்தேன். ஹோஸ் லீக் ஆவுதுன்னு கஸ்டமர் போன் பண்ணா முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“ஸ்டாக்க எல்லாம் ஹோல்ட் பண்ணுவோம். கஸ்டமர் கிட்ட ஆள் அனுப்பி நல்லதைத் தனியா பிரிச்சுக் குடுப்போம். கண்டெய்ன்மெண்ட்னு சொல்லுவோம்.”

“ரூட் காஸ் கண்டுபுடிச்சதுக்கு அப்புறமா?”

“இல்ல டாக்டர், அதுக்கு முன்னாடி. காரணம் தெரியற வரைக்கும் காத்திருந்தா...”

புதிதாகச் சேரும் டிரெய்னிகளுக்கு முதல் வகுப்பில் நான் போர்டில் எழுதிக்காட்டும் விஷயம் அது.

“இதுக்கு ஒரே காரணம்னு ஒண்ணு இல்ல சார். பிறவியில வரது, வயசு, மனசு, சுத்தி நடக்கறது, எல்லாம் கலந்தது. உங்க தப்பும் இல்ல, அம்மா தப்பும் இல்ல, பொண்ணு தப்பும் இல்ல. இப்போதைக்கு சாப்பாடுதான் மருந்து. மருந்து குடுக்கறது உங்க ரெண்டு பேர் வேல. ஏன்னு கேக்கறத என்கிட்ட விட்டுடுங்க, அவ மூளைக்கு சாப்பாடு போனதும் நான் நிதானமா கேக்கறேன்.”

உற்சாகம் பிடித்துக்கொண்டது எனக்கு. அன்றைக்கே காக்ஸ் டவுனிலிருந்து பிரியாணி வாங்கி வருகிறேன் என்றேன். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புகள் தடுமாறி, இதயத்தையே நிறுத்திவிடலாமாம். அதனால்தான் முதல் நாட்கள் ஆஸ்பத்திரியில், அடிக்கடி ரத்தம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக. பிரியாணி ஆசையை நான்தான் அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

5. கேன்டீன் ஒப்பந்தம்

வீட்டுக்கு வந்ததும்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. மூன்று வேளை சாப்பாடு, நடுவில் மூன்று முறை தின்பண்டம். என்ன, எவ்வளவு என்பதை டயட்டீஷியனோடு பேசி நாங்கள் முடிவு செய்வோம். அவள் முடிக்கும்வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். திட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது, பேரம் பேசக்கூடாது, எழுந்தும் போகக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு தோசை முடிய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் என் மகள் வாயிலிருந்து நான் ஷாப் ஃப்ளோரில்கூடக் கேட்டிராத வார்த்தைகள் வரும். “அது கீர்த்தனா பேசல, நோய் பேசுது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாலதி அதற்கு ‘வாடகைக்காரி’ என்று பெயர் வைத்தாள். “வாடகைக்காரி இன்னிக்கு ரொம்ப ஆடறா. காலி பண்ற நேரம் வந்துடுச்சு போல.” கோபத்தின் நடுவிலும் கீர்த்தனாவுக்கு உதடு கோணும்.

மாலதியின் விடுமுறை தீர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் உட்காருவது? கல்லூரிக்கு இன்னும் அனுப்பக்கூடாது என்றிருந்தார் டாக்டர். கௌடாவிடம் நீண்ட விடுமுறை கேட்கப் போனேன்.

“லீவ் எதுக்கு? கம்பெனி பஸ்ல கூட்டிட்டு வாங்க. டிரெய்னிங் ரூம் காலியாதான் இருக்கு, அங்க படிக்கட்டும். மத்தியானம் ஊட்டா நம்ம கேன்டீன்ல, நம்ம டேபிள்ல சாப்பிடட்டும்.”

“சார், ஒரு கண்டிஷன். சாப்பாட்டப் பத்தியோ அவ உடம்பப் பத்தியோ யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

“அஷ்டேனா? அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன்.”

அவர் எல்லோருக்கும் என்ன சொல்லி வைத்தாரோ தெரியாது. முதல் நாள் எங்கள் மேஜையைப் போல விசித்திரமான மேஜையை நான் பார்த்ததில்லை. வழக்கமாக சாம்பாரில் உப்பு இல்லை, ரசம் தண்ணீர் என்று கேன்டீனையே கிழிக்கிற ஆட்கள் அத்தனை பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மழை தீர்ந்ததும் மெட்ரோ. மெட்ரோவும் தீர்ந்து மௌனம் விழுந்ததும் ஸ்டோர்ஸ் மஞ்சுநாத் அவசரமாக, “எங்க ஊர் ஆனேக்கல்ல ஒரு வீட்டு மாடில மயில் வந்து உக்காந்துச்சு” என்றார்.

“அப்புறம்?” என்றார் கௌடா.

“அப்புறம் பறந்து போயிடுச்சு சார்.”

கீர்த்தனா என் காதருகில் குனிந்தாள். “அப்பா, இவங்களுக்கெல்லாம் நீதான் டயலாக் எழுதிக் குடுத்தியா? அந்த அங்கிளுக்கு நல்லா வரல.”

சிரிப்பை அடக்க இருவரும் பட்ட பாட்டில் அன்றைய சாதம் எப்படியோ முடிந்தது. தினமும் அப்படி அமையவில்லை. சில நாள் மோர் சாதத்தைப் பார்த்தபடி கண்ணீர் விடுவாள். மேஜையில் இருப்பவர்கள் அதைப் பார்க்காதவர்களாக மயில், குரங்கு, ராகு காலத்தில் வாங்கிய ஸ்கூட்டர் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். ஆனாலும் கைகளில் சூடு வர ஆரம்பித்தது. டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து முதன்முறையாகத் தலையாட்டினார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் விஷயம் கெட்டது. ஒரு புதன்கிழமை, கேன்டீனில் முத்தே, அதாவது மெல்லாமல் விழுங்கும் ராகிக் களி உருண்டை, போடும் நாள். கௌடா உற்சாகமாக வந்து உட்கார்ந்தார். கீர்த்தனாவைப் பார்த்தார். வாயிலிருந்து வந்துவிட்டது.

“பரவால்லம்மா! இப்பதான் கன்னம் வந்து, உடம்பு வெச்சு, லட்சணமா இருக்கே!”

நம் ஊரில் இதைவிட அன்பான வார்த்தை இல்லை. உடம்பு தேறியவரைப் பார்த்து எல்லோரும் சொல்வதுதான். நோய் அதை வேறு மாதிரிக் கேட்கிறது. கீர்த்தனாவின் கை தட்டிலிருந்து விலகியது. முகம் பழைய முகமானது. மஞ்சுநாத் மயிலுக்காக வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

“எனக்கு வேணாம்.”

“சாப்பிடும்மா,” என்றேன்.

“வேணாம். இனிமே எப்பவும் வேணாம். நீங்க எல்லாரும் சேந்து என்னைக் குண்டாக்கறீங்க. டாக்டரும் பொய், நீயும் பொய்.”

எனக்குள் ஐம்பது ‘ஏன்’கள் எழுந்தன. ஏன் ஒரு வார்த்தைக்கு இப்படி? இத்தனை வாரமும் வீணா? எல்லாவற்றையும் விழுங்கினேன். “சாப்பாடு இருக்கு. நான் இருக்கேன். மெதுவா முடி” என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கேன்டீன்காரர்கள் மேஜைகளைத் துடைத்தார்கள். எங்கள் மேஜையைச் சுற்றித் துடைத்தார்கள். எனக்கு ஒரு ரிவ்யூ மீட்டிங் இருந்தது. போகவில்லை. அவள் திட்டினாள், பிறகு அழுதாள். அன்று அவள் சாப்பிடாவிட்டால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான் என்று தோன்றியது.

கௌடா திரும்பி வந்தார். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

“தப்பு என்னுதும்மா. ரூல் போட்டதும் நான், உடைச்சதும் நான். மீட்டிங்ல யாராவது இப்படிப் பண்ணா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? எல்லாருக்கும் முன்னாடி நிக்க வெப்பேன்.” சொல்லிவிட்டு உண்மையாகவே எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டையில், கையில் தட்டோடு, பிளாண்ட் ஹெட். டீக்கு வந்த இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் கதவருகிலேயே நின்றுவிட்டார்கள்.

“அங்கிள், உக்காருங்க ப்ளீஸ்.”

“நீ முடிக்கற வரைக்கும் உக்கார மாட்டேன்.”

“அப்பா, அவரை உக்காரச் சொல்லுப்பா. எனக்கு வெக்கமா இருக்கு.”

“எங்க பாஸ்மா. நான் சொன்னா கேக்க மாட்டார்.”

கெஞ்சக்கூடாது, பேரம் கூடாது என்ற விதி அங்கே அடிபட்டுப் போனது என்று பிறகு டாக்டர் ஷோபா சொன்னார். தினமும் பிளாண்ட் ஹெட்டை நிற்க வைக்க முடியாது சார் என்றார். சரிதான். ஆனால் அன்று, முழுதாக ஆறிப்போன முத்தேயை, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒவ்வொரு விள்ளலாக என் மகள் முடித்தாள். முடித்ததும் சொன்னாள்: “இதை மென்னு சாப்பிடக்கூடாதுன்னு யாராவது முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

6. இப்போது

இது எல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீர்த்தனா பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டாள். இதயம் சரியாகத் துடிக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகு த்ரோபாலுக்கும் போகிறாள். டாக்டரிடம் போய்ப் பேசுவது இன்னும் தொடர்கிறது. ‘ஏன்’ என்ற கேள்விகளை அங்கே அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்க ஆசை உண்டு.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவள் தட்டில் ஸ்பூன் சத்தம் நின்றால் பக்கத்து அறையில் என் மூச்சு நிற்கிறது. கல்லூரி எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், அது ஃபீஸ் விஷயமாக இருந்தாலும், முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். எங்கள் பிரிவில் சேரும் இளைஞர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம், அவர்களுக்கும் தங்கைகளும் தம்பிகளும் இருக்கிறார்கள், நாளை பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரு பிள்ளை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தால், எடை இறங்கினால், எந்நேரமும் குளிர்ந்தால், மயங்கினால், பொறுத்துப் பார்க்காதீர்கள். இந்த நோய் தெரிந்த மருத்துவரிடம் உடனே போங்கள். யார் தப்பு என்று தேடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான், அதைக் கற்றுக்கொள்ள எனக்கு முப்பது வருஷ அனுபவம் இடைஞ்சலாகத்தான் இருந்தது.

போன வாரம் காலை ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கீர்த்தனா மேஜையில் இரண்டு சப்பாத்தியோடு உட்கார்ந்திருந்தாள். மாலதி ஏற்கெனவே வேலைக்குப் போயிருந்தாள். வாசலைத் தாண்டப்போன என்னைக் கீர்த்தனா கூப்பிட்டாள்.

“அப்பா.”

“என்னம்மா?”

“இன்னிக்கு வாடகைக்காரி கத்தறா. கொஞ்ச நேரம் உக்காரேன்.”

இதுவரை அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நாங்கள்தான் காவல் இருந்தோம். அவள்தான் தப்பிக்கப் பார்த்தாள். ஷூவோடு போய் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதைப் பற்றிப் பேசினோம். முதல் சப்பாத்தி சீக்கிரம் போனது, இரண்டாவது மெதுவாக.

பஸ் போய்விட்டது. “வா, அடுத்த ஸ்டாப்புல புடிச்சிடலாம்” என்று ஸ்கூட்டியை எடுத்தாள். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. குழிகளில் குதித்து, ஆட்டோவை ஓரங்கட்டி, ஒரு தண்ணீர் லாரியை இடப்பக்கமாக முந்தினாள். நான் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

“மெதுவா போம்மா! என்ன அவசரம்?”

“புடிச்சுக்கோப்பா,” என்றாள். “இப்ப எனக்குத் தெம்பு இருக்கு.”